கவுன்சலிங் பட்டியலில் எந்தக் கல்லூரி எந்த வரியில்? பிளஸ் டூ வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜூலை மாதத்தில் எங்கள் ஊர் பிரௌசிங் சென்டருக்குப் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் கடைப் பையன் உட்கார்ந்திருப்பான். அவன் தோளுக்குப் பின்னால் அப்பா. அவருக்குப் பின்னால் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மாமா. கைப்பேசி ஸ்பீக்கரில் பெரியப்பா மகன். படிக்கப்போகிற பிள்ளை மட்டும் கதவோரம் நின்றுகொண்டிருக்கும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான (கவுன்சலிங்) சாய்ஸ் பட்டியலை, அதாவது விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் வரிசையாக எழுதும் பட்டியலை, போட்டுக்கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் வருவார்கள். ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்க என்னென்ன காரணங்கள் என்று கேட்டால் எல்லோரும் 'பிளேஸ்மென்ட், ஃபேக்கல்டி' என்பார்கள். உண்மையில் அந்தப் பட்டியலை எழுதுவது பஸ் வசதி, அம்மாவின் பயம், நண்பன் சேரும் இடம், நெடுஞ்சாலையில் பார்த்த பேனர், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை. இவையெல்லாம் தவறு என்று சொல்ல வரவில்லை. எந்தக் காரணம் எந்த வரியை மேலே தள்ளுகிறது என்று தெரிந்து தள்ளினால் போதும்.

முதல் வேலை: ஒரு நோட்டு

ரிசல்ட் வருவதற்கு முன்பே தொடங்கலாம். நாற்பது பக்க நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். கல்லூரி, பிரிவு, யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும். கடைசி இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். "மாமா சொன்னார்" என்று எழுதிவிட்டு "மாமாவுக்கு எப்படித் தெரியும்" என்ற இடத்தில் பேனா நிற்கும். அவர் அங்கே படித்தவரா, அங்கே படித்தவர்களை வேலைக்கு எடுத்தவரா, அல்லது அந்த வழியாகக் காரில் போனவரா? பாதிப் பெயர்கள் இங்கேயே அடிபட்டுவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. யாருமே சொல்லாத கல்லூரிகளும் நோட்டில் வர வேண்டும். அரசு பொறியியல் கல்லூரிகள் பேனர் கட்டுவதில்லை, வீட்டுக்கு போன் செய்வதில்லை. அதனாலேயே பர்கூர் (1994), திருநெல்வேலி (1981), சேலம் (1966) அரசு கல்லூரிகள் பல வீட்டுப் பட்டியல்களில் மறந்துபோகின்றன. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியையும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியையும் (ஜி.சி.டி.) எல்லோருக்கும் தெரியும். பர்கூர் எந்த மாவட்டம் என்று கேட்டால் முழிப்பார்கள். (கிருஷ்ணகிரி.)

இந்த இடத்தில் கன்சல்டன்சிக்காரர்களை, அதாவது கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர்களை, பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலேயே டைரி, காலண்டரோடு பள்ளிகளுக்கு வந்துவிடுவார்கள். மே மாதம் பிள்ளையின் பெயர் சொல்லி வீட்டுக்குப் போன் வரும். "இன்றைக்கு அட்வான்ஸ் கட்டினால்தான் சீட்" என்று அவசரப்படுத்துவார்கள். அது பெரும்பாலும் மேனேஜ்மென்ட் கோட்டா, கவுன்சலிங்குக்கு வெளியே கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் இடம். அதே கல்லூரியில் அதே பிரிவு கவுன்சலிங்கிலேயே கிடைக்கக்கூடிய மதிப்பெண் வைத்திருக்கும் பிள்ளைகள்கூட இப்படிப் போய்ப் பணம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். ரேங்க் பட்டியல் வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கட்-ஆஃபை விட ரேங்கைப் பாருங்கள்

கட்-ஆஃப் என்பது ரேங்க் போடுவதற்கான மதிப்பெண். அது 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்கு மதிப்பெண் முழுதாக 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாக, ஆளுக்கு 50-க்கு. கணக்கில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 என்றால் 92 + 42.5 + 44, ஆக 178.5.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "போன வருடம் இந்தக் காலேஜ் 178-க்குக் கிடைத்தது" என்று கணக்குப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு வருடம் கணக்குத் தாள் சுலபமாக இருந்தால் கூட்டம் மொத்தமும் மேலே ஏறிவிடும். அப்போது அதே 178.5-க்கு ரேங்க் பல ஆயிரம் பின்னால் போகும். ஆகவே, சேர்க்கை இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் கடைசி கட்-ஆஃபோடு கடைசி ரேங்கும் சாதிப்பிரிவு வாரியாக இருக்கும். ரேங்கை எடுத்து எழுதுங்கள். ஒரு வருடம் போதாது, இரண்டு மூன்று வருடம் எழுதினால் போக்கு தெரியும்.

69 சதவீத இடஒதுக்கீடு போக மீதமுள்ள 31 சதவீத இடம் பொதுப்பிரிவு. அதில் எல்லோரும் போட்டியிடலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) மாணவர் என்றால் ஓ.சி. (பொதுப்பிரிவு) கட்டத்தையும் பி.சி. கட்டத்தையும் சேர்த்தே பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அவர்களுக்குத் தனி ரேங்க் வரும். அதையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கிப் போடும் ரேண்டம் எண் பற்றிப் பதற வேண்டாம். இருவருக்கு கட்-ஆஃபும், பாட மதிப்பெண்களும், பிறந்த தேதியும்கூட ஒன்றாக இருந்தால்தான் அது வேலைக்கு வரும்.

பணம்: நான்கு வருடத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள்

சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சலிங் இடத்துக்கான கல்விக் கட்டணத்தை அரசின் கட்டணக் குழு நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்து வீட்டில் நிம்மதியடைந்துவிடுவார்கள். சேர்கிற அன்றைக்குத்தான் மற்ற சீட்டு வரும். பஸ், ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், 'டிரெயினிங்' என்று ஒரு தொகை. சில இடங்களில் இந்த மற்றவை கல்விக் கட்டணத்தையே தாண்டிவிடும். அதனால் கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி "ஃபீஸ் எவ்வளவு" என்பதல்ல. "முதல் வருடம் எல்லாம் சேர்த்து எவ்வளவு, அடுத்த மூன்று வருடம் எவ்வளவு, எழுதிக் கொடுப்பீர்களா" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்கினால் அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

உதவிகள் பல இருக்கின்றன. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சலுகை. சான்றிதழை இ-சேவை மூலம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இது கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கிடையாது. 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் செலவையும் அரசு ஏற்கிறது. அந்தப் பிள்ளைகள் தூரத்துக் கல்லூரியைச் செலவுக்குப் பயந்து அடிக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கடன் என்றால், வங்கிகளின் பொதுத் திட்டப்படி 4 லட்சம் வரை கையிலிருந்து பங்குத் தொகை போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கப்படுவதில்லை.

தூரம், பயம், காலேஜ் பஸ்

எந்த ஆய்வும் தேவையில்லை, எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளின் பட்டியலை எழுதுவது காலேஜ் பஸ்தான். எந்தக் கல்லூரி பஸ் தெருமுனைக்கு வருகிறதோ அது முதல் வரி. காரணம் புரிகிறது. ஆனால் அந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? 6.15-க்கு ஏறி 8.40-க்கு இறங்கி, மாலை 4.30-க்கு ஏறி 7 மணிக்கு வீடு. நாளைக்கு ஐந்து மணி நேரம் சாலையில் போகிறது. நான்கு மணிக்கு மேல் லேப் திறந்திருந்தாலும், கிளப் இருந்தாலும், கம்பெனி டெஸ்ட் நடந்தாலும், இந்தப் பிள்ளை பஸ் பிடிக்க ஓட வேண்டும். என் கணக்கு இதுதான்: ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஹாஸ்டலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட வேண்டும்.

அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது? "விடமாட்டேங்கிறாங்க சார்" என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, அம்மாவிடம் என்ன பயம் என்று தனித்தனியாகக் கேள். சாப்பாடா, ஹாஸ்டல் கேட்டா, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்பதா, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்பதா? முதல் மூன்றுக்கும் பதில் தேட முடியும். அந்த ஹாஸ்டலில் இருக்கும் நம் பக்கத்துப் பெண் யாராவது ஒருத்தியைக் கண்டுபிடித்து அம்மாவோடு போனில் பேச வையுங்கள். கல்லூரி முதல்வர் பேசி மாறாத அம்மா, பக்கத்து ஊர்ப் பெண் "அத்தை, ஞாயிற்றுக்கிழமை சிக்கன் போடுவாங்க" என்று சொன்னதும் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வருடங்கள் போகப் போகக் குறைகிறது, அவ்வளவுதான்.

பிரிவா, கல்லூரியா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் எந்தக் கல்லூரி என்றாலும் சரி என்று ஒரு கூட்டம். கிண்டி, கோவை பி.எஸ்.ஜி. மாதிரி இடம் என்றால் எந்தப் பிரிவானாலும் சரி என்று இன்னொரு கூட்டம். இரண்டும் பாதி உண்மை. மேல்தட்டுக் கல்லூரிகளுக்கு வரும் பல மென்பொருள் நிறுவனங்கள் எல்லாப் பிரிவு மாணவர்களையும் தேர்வெழுத விடுகின்றன. அங்கே மெக்கானிக்கல் படிப்பவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. நடுத்தரக் கல்லூரியில் அந்தக் கதவு அவ்வளவு அகலமில்லை. ஆகவே ரேங்க் மேலே இருப்பவர்கள் கல்லூரிக்கும், நடுவில் இருப்பவர்கள் பிரிவுக்கும் கூடுதல் எடை கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை: சர்க்யூட்டைக் கண்டாலே ஓடுகிற பிள்ளையை பெயருக்காக எலக்ட்ரிக்கலில் போடாதீர்கள். அரியர் வைத்த பிறகு எந்தப் பெயரும் உதவாது.

புதுப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று வரும் பிரிவுகளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அடிப்படைப் பாடங்களில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் சயின்ஸோடு ஒன்றாகவே இருக்கும். பெயரை வைத்து ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். அதைக் கற்பிக்க ஆள் இருக்கிறார்களா என்பதே கேள்வி. ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் நீக்கியது. அதன் பிறகு சில கல்லூரிகளில் கம்ப்யூட்டர் தொடர்பான இடங்கள் கிடுகிடுவென்று ஏறியிருக்கின்றன. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. இடம் கூடிய அளவுக்கு ஆசிரியரும் கூடினார்களா? துறைப் பக்கத்தில் இருக்கும் பெயர்களை எண்ணுங்கள். எண்ணினால் மட்டும் போதாது. ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024-ல் பெரிய செய்தியானதை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே படிக்கும் பிள்ளையிடம் அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டி, "இவர்களில் யார் உனக்கு வகுப்பு எடுத்தார்கள்" என்று கேளுங்கள்.

முத்திரைகளைப் படிக்கும் விதம்

நாக் என்பது கல்லூரி முழுமைக்கும் தரப்படும் மதிப்பீடு. என்.பி.ஏ. என்பது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. பேனரில் 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று இருந்தால் எந்தப் பிரிவுக்கு என்று பாருங்கள். சிவிலுக்கு இருக்கும், நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு இருக்காது. தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆன பிரிவுக்கு அது இருக்கவே முடியாது, ஏனென்றால் மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகே விண்ணப்பிக்க முடியும்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் வினாத்தாளும் திருத்தலும் கல்லூரியிலேயே. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையதுதான். தேர்ச்சி விகிதம் நூறை நெருங்கினால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. பொதுத்தேர்வு மாதிரி எல்லோருக்கும் ஒரே தாள் என்பதால் அதை ஒப்பிடலாம்.

பிளேஸ்மென்ட் பேனர்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். '96 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்றால் எதில் 96? ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். ஒரு பிரிவில் 240 பேர் சேர்கிறார்கள். நான்கு வருடத்தில் அரியர் இல்லாமல் முடித்தவர்கள் 150. அதில் கம்பெனி நிபந்தனைக்குப் பொருந்திப் பெயர் பதிவு செய்தவர்கள் 100. வேலை கிடைத்தது 96 பேருக்கு. பேனர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிள்ளை சேரும்போது அந்த 240-ல் ஒருவர். அந்தக் கணக்கில் விகிதம் 40 சதவீதம். ஒரே மாணவர் மூன்று கம்பெனியில் தேர்வானால் அதை மூன்றாக எண்ணும் வழக்கமும் உண்டு. 'அதிகபட்சச் சம்பளம் 40 லட்சம்' என்பது ஒரு பிள்ளையின் கதை.

நல்ல செய்தி, இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தகவலைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். முகப்பின் அடியில் எங்காவது சின்ன எழுத்தில் அந்த இணைப்பு இருக்கும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்பு, நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்று வருடவாரியாக இருக்கும். நடுமட்டம் என்றால் எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளம். இந்த ஒரு எண்ணை நோட்டில் எழுதுங்கள். தரவரிசை எண்ணைவிட எனக்கு இதுதான் நம்பிக்கை. அந்த வரிசையில் ஆராய்ச்சிக்கு மட்டுமே 30 சதவீத எடை, பி.இ. படிக்கும் பிள்ளைக்கு அது நேரடியாக எவ்வளவு உதவும்?

நேரில் போங்கள், சொல்லாமல் போங்கள்

'ஓப்பன் டே' அன்றைக்குப் போகாதீர்கள். சாதாரண வேலைநாளில் போய், எதிரே இருக்கும் டீக்கடையில் உட்காருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கிடைப்பார்கள். "காலேஜ் எப்படி" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு அங்கிள்" என்பார்கள். வேறு மாதிரி கேளுங்கள். முதல் செமஸ்டர் கணக்குக்கு எத்தனை வாத்தியார் மாறினார்கள்? உன் வகுப்பில் ஒரு அரியர்கூட இல்லாதவர்கள் எத்தனை பேர்? ப்ராஜெக்டை நீங்களே செய்கிறீர்களா, வெளியே வாங்குகிறீர்களா? உன் தம்பியை இங்கே சேர்ப்பாயா? கடைசிக் கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள்.

இப்போது வரிசை

இதுவரை சேர்த்த எல்லாம் இங்கேதான் வேலைக்கு வரும். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். உங்கள் முறை வரும்போது முதல் வரி காலியாக இருந்தால் அதைக் கொடுக்கும், இல்லையென்றால் அடுத்த வரி. அவ்வளவுதான். முதல் வரியில் கிடைக்காத கல்லூரியைப் போட்டதால் பத்தாவது வரி பறிபோகாது. எனவே 'கிடைக்கும்' என்று நினைக்கும் வரிசையில் எழுதாதீர்கள், 'வேண்டும்' என்கிற வரிசையில் எழுதுங்கள். பல வருடம் சொல்லியும் பெற்றோர் நம்பாத விஷயம் இதுதான். "மேல போட்டு வீணாக்கிட்டா?" என்பார்கள். வீணாகாது.

சாய்ஸுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. உங்கள் ரேங்குக்கு எட்டாதவை கொஞ்சம், சுற்றுவட்டத்தில் இருப்பவை நிறைய, கண்டிப்பாகக் கிடைப்பவை கொஞ்சம் என்று போடுங்கள். சேர மனமில்லாத எதையும் எந்த வரியிலும் போடாதீர்கள். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் பிள்ளையிடமே இருக்கட்டும். கடைப் பையன் டைப் செய்யலாம், லாக் செய்வது (பட்டியலை இறுதியாக்கிப் பூட்டுவது) நீங்கள். பிரிண்ட் எடுத்து, கல்லூரி எண்ணையும் பிரிவுக் குறியீட்டையும் நோட்டோடு ஒப்பிட்ட பிறகு லாக் செய்யுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பது நம் ஊரில் சகஜம்.

ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் முடிவு சொல்ல இரண்டு நாள்தான். ஐந்து வழிகள்: (1) ஏற்றுச் சேர்கிறேன்; (2) ஏற்கிறேன், ஆனால் பட்டியலில் மேல் வரி கிடைத்தால் மாறுகிறேன்; (3) இது வேண்டாம், மேல் வரி கிடைத்தால் மட்டும்; (4) அடுத்த சுற்றுக்குப் போகிறேன்; (5) விலகுகிறேன். இவற்றில் இரண்டாவதை, 'அப்வேர்ட்' என்று சொல்வதை, எல்லோரும் இலவசம் என்று நினைத்து அழுத்துகிறார்கள்.

என் மாணவன் ஒருவனுக்கு ஏழாவது வரி கிடைத்தது. அவன் ஆசைப்பட்டதே அதுதான். மூன்றாவது வரியில் சித்தப்பா சொன்னதற்காக ஒரு கல்லூரியை 'சும்மா' போட்டு வைத்திருந்தான். அப்வேர்ட் அழுத்தினான். மேலே யாரோ சேராமல் விட்டார்கள், மூன்றாவது வரி காலியானது, கணினி அவனை அங்கே தூக்கிப்போட்டது. ஏழாவது வரி வேறொருவருக்குப் போய்விட்டது. திரும்பிக் கேட்க வழியில்லை. பட்டியலில் உங்களுக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு வரியும் கையில் இருப்பதைவிட உண்மையாகவே வேண்டும் என்றால் மட்டும் அப்வேர்ட். இல்லையென்றால் ஏற்றுச் சேர்ந்துவிடுங்கள்.

ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் துணைக் கவுன்சலிங் இருக்கிறது. அதில் நல்ல கல்லூரிகளில்கூடச் சில இடங்கள் மீந்திருக்கும், ஆனால் பிரிவு அமையாது. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு.

சேரப் போகும்போது எல்லாச் சான்றிதழ்களையும் பத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். டி.சி.யைக் கொடுக்க வேண்டியிருக்கும். மதிப்பெண் சான்றிதழ் போன்ற மற்ற ஒரிஜினல்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. "இருக்கட்டும், அப்புறம் தருகிறோம்" என்று சொன்னால் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.